யாழுக்கு உருத்தந்த அடிகள்

கல்லிலும் மரத்திலும் உருவம் சமைப்பவன் சிற்பி; கண்ணுக்குப் புலனாகாத ஒலியினால் உருவம் சமைப்பவன் இசைவாணன். இவ்விருவர் தொழிலும் ஒன்றாய்க் கூடும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. மதுரையிலும் திருநெல்வேலியிலும் சுசீந்திரத்திலும் நம் முன்னோர் கல்லைச் செதுக்கி, தட்டுந்தோறும் வெவ்வேறு சுரம் எழும் இசைத்தூண்களை நிறுத்தியுள்ளனர். கடல் கடந்த அமெரிக்க நாட்டில் ஹாரி பெர்டோயா என்னும் சிற்பி, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், மெல்லிய உலோகக் கம்பிகளை நிரல்பட நிறுத்தி, கை தீண்டிய அளவில் ஒலிக்கும் சிற்பங்களை அமைத்துப் பெரும்புகழ் எய்தினார். ஆயின், ஏட்டில் வெறுஞ்சொல்லாய் மட்டும் எஞ்சியிருந்த ஓர் இசைக்கருவிக்குக் கணக்கினால் அளவும், மரத்தினால் உருவும், நரம்பினால் குரலும் மீண்டும் தர முயன்ற பெரியார் ஒருவர் நம் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடையவராய் வாழ்ந்தார். அவரே விபுலாநந்த அடிகள். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை யான் தேர்ந்ததற்கு ஒரு சிறு காரணம் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் ஏற்காட்டில் உள்ள எம் இல்லத்தில் தங்கியிருந்தபோது பத்துப்பாட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழமரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் இசைக்கும் இடத்தைக் கண்டதும், அத்தகைய யாழ் ஒன்றை யாமே செய்து பார்த்தால் என்ன என்ற ஆவல் எழுந்தது. தோழன் ஒருவனையும் உடன் அழைத்துக்கொண்டு, ஒண்டிக்கடைக்கு அருகில் தச்சுத் தொழில் செய்யும் முதியவர் ஒருவரிடம் சென்று எம் விருப்பத்தைத் தெரிவித்தேன். அவர் நகைத்தாரெனினும் மறுத்திலர். அம்முயற்சி எங்ஙனம் முடிந்தது என்பதைப் பின்னர்க் கூறுவேன். அத்தோல்வியே என்னை விபுலாநந்த அடிகளின் நூலிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஈழநாட்டின் கீழ்க்கரையில் மட்டக்களப்பிற்குத் தெற்கே காரைதீவு என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் அடிகள் தோன்றினார். பெற்றோர் இட்டு வழங்கிய பெயர் மயில்வாகனன் என்பது. இளமையில் ஊரிலேயே தமிழும் வடமொழியும் பயின்ற அவர், பின்னர்க் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பில் கத்தோலிக்கக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். பதினாறாம் வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறி, தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியராய் அமர்ந்தார். சைவக் குடியிற் பிறந்து சைவ ஒழுக்கத்தில் நின்ற ஓர் இளைஞர் கிறிஸ்தவப் பாடசாலைகளிற் கல்வி பெற்று, அங்கேயே கல்வி ஊட்டவும் செய்தார் என்பது நம்போன்ற மிஷன் கல்லூரி மாணவர் மகிழ்ந்து நினைத்தற்குரிய செய்தியாகும்.

அவர் பிறந்த நாட்டிற்கு இயற்கை தந்த ஓர் இசைச் சிறப்பும் உண்டு. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தின் அருகே, முழுநிலாக் காலத்து அமைதியான இரவுகளில் நீரின் அடியிலிருந்து மெல்லிய இன்னொலி எழும் என்பர். தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஆழ்த்தி அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது அங்குள்ளோர் வழக்கம். அதனைப் பாடும் மீன்களின் ஒலி என்று கூறுவர் மக்கள். விபுலாநந்தரோ அவ்வொலியை உவந்து, நீரரமகளிர் பாடும் இசையாகக் கற்பனை செய்து பாட்டும் இயற்றினார். காதால் கேட்டதைக் கருத்தால் ஆராயும் அவர்தம் இயல்பிற்கு அவ்வாவியே முதல் ஆசானாய் இருந்தது போலும்.

அவர்தம் கல்வி ஒருதுறையில் அடங்கிற்றில்லை. கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றபின், 1916-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதத் தேர்வில் வெற்றியெய்தினார். அவ்வாண்டிலேயே கொழும்பிலுள்ள அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானப் பட்டயமும் பெற்றார். பின்னர் யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய்ப் பணியாற்றிக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1920-ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர் ஆனார். தமிழ்ப் புலமையும் பௌதிக அறிவும் ஒருவர்பால் ஒருங்கே அமைவது அரிது. யாழைப் பற்றி ஆராய்வார்க்கு அவ்விரண்டும் இன்றியமையாதவை என்பதை அவரே அன்று அறிந்திரார்.

உலக வாழ்வில் உயர்நிலை எய்திய அவர் உள்ளம் துறவையே நாடிற்று. 1922-ஆம் ஆண்டில் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூரில் உள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். ஆங்குப் பிரபோத சைதன்யர் என்னும் பெயரோடு பயிற்சி பெற்று, மடத்தின் பத்திரிகைகளான இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகியவற்றின் ஆசிரியப் பணியையும் ஏற்றார். 1924-ஆம் ஆண்டில், இராமகிருஷ்ணரின் நேர்மாணாக்கருள் ஒருவராகிய சிவானந்தரிடம் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார்.

துறவியாகித் தாய்நாடு திரும்பிய அடிகள் மலைக்குகையை நாடினாரல்லர், பள்ளிக்கூடங்களையே நாடினார். மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் முதலிய இடங்களில் மிஷன் பாடசாலைகள் பலவற்றைப் பேணி வளர்த்தார். 1929-ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. தம் ஆசிரியர் பெயரையே அதற்குச் சூட்டினார். இதற்கிடையில், ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ்மரபோடு ஒப்பவைத்து ஆராயும் மதங்க சூளாமணி என்னும் நூலை இயற்றி 1926-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாடகத் தமிழை ஆராயப் புகுந்தவர்க்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை வழித்துணை ஆயிற்று. அக்காதையே அவரை இசைத் தமிழின் வாயிலுக்கும் அழைத்துச் சென்றது.

1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியது. சிதம்பரத்தில் இருந்த அவ்விரண்டாண்டுகளில் பாரதியாரின் பாடல்களைக் கற்றோர் அவையில் நிலைபெறச் செய்தார். புலவருள் பலர் பாரதியாரை ஒரு பொருட்டாகக் கருதாதிருந்த காலம் அது. 1936-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தற்கு வழிகோலினார். பின்னர் இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்தினார். 1943-ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார். இப்பணிகள் அனைத்தினூடும் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இடையறாது அவர் உள்ளத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது யாழ் ஒன்றே.

யாழ் என்பது யாது? இன்று நாம் காணும் வீணையே யாழ் என்று கருதுவோர் பலர். அது பொருந்தாது. வீணையில் நரம்புகள் தண்டின்மேல் நெடுகச் செல்கின்றன. ஒரே நரம்பை வெவ்வேறு மெட்டுக்களின்மேல் அழுத்திப் பல சுரங்களைப் பிறப்பிக்கின்றோம். யாழிலோ அழுத்துதற்கு மெட்டில்லை. ஒரு நரம்பிற்கு ஒரு சுரமே. வளைந்த கோட்டிற்கும் கீழுள்ள பத்தருக்கும் இடையே, வில்லின் நாண்போல் நரம்புகள் திறந்த வெளியில் நிற்கும். அடியார்க்கு நல்லார் உரையினால் இருபத்தொரு நரம்புடைய பேரியாழ், பத்தொன்பது நரம்புடைய மகரயாழ், பதினான்கு நரம்புடைய சகோடயாழ், ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் என்னும் வகைகளை அறிகின்றோம். பிற்காலத்தில் வீணை மேலோங்க, யாழ் மெல்ல மெல்ல மறைந்து, பெயரளவில் நூல்களில் மட்டும் நின்றது.

இவ்வகைக் கருவி நமக்கு மட்டும் உரியதன்று. மெசபொத்தாமியாவில் ஊர் என்னும் பழம்பதியில் அகழ்ந்தெடுத்த அரச கல்லறைகளிலிருந்து நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட நரம்புக் கருவிகள் கிடைத்துள்ளன. சமுத்திரகுப்த மன்னனின் பொன் நாணயம் ஒன்றில் அவன் வில்வடிவக் கருவியை மடியில் வைத்து மீட்டும் கோலத்தைக் காணலாம். அமராவதிச் சிற்பங்களிலும் அவ்வடிவம் உண்டு. பர்மா நாட்டில் சௌங் என்னும் வளைகோட்டு யாழ் இன்றும் வழக்கில் உள்ளது. ஆனால் சிற்பத்திலுள்ள யாழ் ஊமை; அதன் வடிவைக் காட்டுமேயன்றி அதன் சுரத்தைக் காட்டாது. நூலிலுள்ள யாழோ குருடு. அதன் சுரத்தைக் கூறுமேயன்றி அதன் அளவை முற்றும் காட்டாது. இவ்விரண்டையும் இணைத்துக் காண்பதே அடிகள் மேற்கொண்ட அரும்பணி.

சங்கப் புலவர் யாழின் உறுப்புக்களைச் சிற்பியின் கண்கொண்டு நோக்கியவர் ஆவர். பொருநராற்றுப்படை, பத்தரின் வடிவை மான்குளம்பு மண்ணிற் பதிந்த பிளவுக்கும், அதன்மேல் இறுக்கிய தோலின் நிறத்தை விளக்குச் சுடருக்கும், ஓங்கிய மருப்பைத் தலையெடுத்த பாம்புக்கும், பிசிர் நீங்கிய நரம்பைக் குற்றிய தினையரிசிக்கும் ஒப்பிடுகின்றது. இவை வெறும் அலங்காரங்கள் என்று நாம் படித்துத் தேர்வில் எழுதிவிடுகின்றோம். அடிகளோ இவற்றைத் தச்சனுக்குத் தரும் வரைபடமாகவே கொண்டார். எந்த உறுப்பு எங்கே பொருந்தும், எது எதனைத் தாங்கும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இவ்வாராய்ச்சியே யாழ்நூலில் யாழுறுப்பியல் என்னும் பகுதியாய் விளங்குகின்றது.

இனி, உருவத்தையும் ஒலியையும் பிணிக்கும் கணக்கைப் பார்ப்போம். ஒரே தடிப்பும் ஒரே இழுப்பும் உடைய நரம்புகளை எடுத்துக்கொண்டால், நரம்பின் நீளம் குறையக் குறையச் சுரம் உயரும். 36 அங்குல நரம்பு தரும் சுரத்தைக் குரல் என்று கொள்க. அதிற் பாதியாகிய 18 அங்குலத்தில் மேற்குரல் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்காகிய 24 அங்குலத்தில் ஐந்தாஞ் சுரமாகிய இளியும், நான்கில் மூன்று பங்காகிய 27 அங்குலத்தில் நான்காஞ் சுரமாகிய உழையும் பிறக்கும். ஆகவே யாழ்க்கோட்டின் வளைவு தச்சன் விரும்பியவாறு அமைவதன்று; நரம்புகளின் நீளம் அவ்வளவு என்று இசையே வரையறுத்து விடுகின்றது. யாழின் அழகிய வளைவை வரைந்த கை ஒலியின் கைதான் எனலாம்.

ஆயின் எல்லாச் சுரங்களும் இவ்வளவு எளியவையல்ல. ஐந்தாஞ் சுர முறையிலேயே தொடர்ந்து சென்று மூன்றாஞ் சுரத்தைக் கண்டால் நரம்பின் நீளம் 28.44 அங்குலம் ஆகும். ஐந்தில் நான்கு பங்கு என்னும் எளிய விகிதத்தைக் கொண்டால் 28.8 அங்குலம் ஆகும். வேற்றுமை ஓர் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மிகுதி. கண்ணுக்கு இது சிறிது. பயின்ற செவிக்கோ பெரிது. இத்தகைய நுண்வேற்றுமைகளையே பண்டையோர் அலகு என்றனர். குரல் முதலாகத் தாரம் ஈறாக ஏழு சுரங்கட்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று பகுத்து, மொத்தம் 22 அலகு எனக் கணக்கிட்டனர். இவ்வலகுகளைக் கணித முறையால் அளந்து, பாலைகளும் பண்களும் பிறக்கும் வழியைக் காட்டியதே அடிகளின் தனிச்சிறப்பு. விஞ்ஞான ஆசிரியர் மயில்வாகனனாரும் பண்டிதர் மயில்வாகனனாரும் ஒருவருக்கொருவர் உதவிய இடம் இதுவேயாம்.

இவ்விடத்தில் எம் வில்யாழின் கதையைக் கூறுதல் பொருந்தும். யாங்கள் நரம்புகள் ஏழையும் மனம்போன நீளத்திற் கட்டினோம். காய்ந்த சுரைக்குடுக்கையைப் பிளந்து பத்தராக்கி ஆட்டுத்தோலால் மூடினோம். முதல் நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டினோம். அது நன்றாகவே ஒலித்தது. இரண்டாவதை முறுக்கியதும் கோடு சற்றே வளைய, முதல் நரம்பு தளர்ந்து சுருதி இறங்கிற்று. முதலதைத் திருத்த இரண்டாவது கெட்டது. ஏழாவதற்கு வருமுன் கோடே விரிசல் கண்டது. முதியவர் அதனை வாங்கிப் பார்த்து, ஒரு நரம்பைப் பற்றி மட்டும் எண்ணாமல் ஏழின் இழுப்பையும் தாங்குமாறு முதலிலேயே கொம்பைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று அமைதியாகக் கூறினார். அன்றிரவு குளிர்காற்று சில்வர் ஓக் மரங்களினூடே இரைந்து சென்றதைக் கேட்டவாறே, உரையாசிரியர் சொல்லொன்றை மனப்பாடம் செய்வதற்கும் அதனை உணர்வதற்கும் உள்ள தூரத்தை நினைத்து நாணினேன். ஏழு நரம்பிற்கே எமக்கு இப்பாடு. இருபத்தொரு நரம்பிற்குக் கணக்கிட்ட பெரியாரின் உழைப்பு எத்தகையது!

அடிகளின் ஆராய்ச்சி முற்றுப்பெற்று, பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அமைந்தது. ஏழு நரம்புபோல் ஏழு இயல். தேவாரவியல் அமைந்ததும் இயல்பே. திருஞானசம்பந்தரோடு ஊர்தோறும் சென்று யாழிசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், தருமபுரத்திற் பாடிய பதிகம் தம் கருவியில் அடங்காமை கண்டு யாழையே முறிக்கப் புகுந்தார் என்று பெரியபுராணம் கூறும். அன்று முறிக்கப் புகுந்த யாழைப் பின்னொரு துறவி எடுத்துப் பொருத்த முயன்றார் என்று கருதினால், அது புலவர் புனைவுக்கும் உரியதொரு காட்சியாகும்.

கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் வாயிலாக யாழ்நூல் வெளிவந்தது. 1947-ஆம் ஆண்டு சூன் திங்கள் 5, 6-ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அடிகள் அப்போது உடல் மிக நலிவுற்றிருந்தார். புலவர்களும் இசைவாணர்களும் சூழ, அவர் குறித்த கணக்கின்படி செய்யப்பட்ட முளரியாழ், சுருதி வீணை, பாரிசாத வீணை, சதுர்தண்டி வீணை ஆகியவற்றை மாணவர் ஏந்திவர, அடிகளை ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். க. பொ. சிவானந்தம் பிள்ளை அக்கருவிகளை மீட்டினார். பல நூற்றாண்டுகளாக ஏட்டிற்குள் உறங்கிய ஓசை மக்கள் செவியில் விழுந்த நாள் அது. பதினான்கு ஆண்டுகள் தாளில் மட்டும் கண்ட கணக்கு ஒலியாய் எழுந்தபோது அம்முதியவர் உள்ளம் என்ன உணர்ந்ததோ, யாரே சொல்ல வல்லார்!

அரங்கேற்றம் நிகழ்ந்து நாற்பத்து நான்கு நாட்களே கழிந்தன. 1947-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19-ஆம் நாள் அடிகள் கொழும்பில் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஆண்டு ஐம்பத்தைந்து. அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே, பாடும் மீன் வாவிக்கு அணித்தாக, அவர்தம் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் பாடிய பாடல் ஒன்று அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

அடிகள் கண்ட முடிபுகள் அனைத்தையும் அறிஞர் எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று கூறுதற்கில்லை. பண்டைச் சுரப்பெயர்களுக்கும் இன்றைய சுரங்கட்கும் பொருத்தம் காண்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அலகு இருபத்திரண்டோ இருபத்து நான்கோ என்னும் வழக்கும் உண்டு. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இருபத்து நான்கு என்றே நிறுவினார். நம் சமயத்தவராகிய அவருக்கும் துறவியாகிய அடிகளுக்கும் கணக்கில் வேற்றுமை இருந்ததேயன்றி, சிலப்பதிகாரத்தின்பால் கொண்ட காதலில் வேற்றுமை இருந்ததில்லை. அரங்கேற்றத்திற்குப் பின்னும் யாழ் இசையரங்கினுள் வீணையைப்போல் இடம்பெறவில்லை என்பதும் உண்மையே. எனினும் வித்து வீண்போகவில்லை. அண்மை ஆண்டுகளில் சென்னையிலும் பிற இடங்களிலும் இளைஞர் சிலர் பழைய வடிவில் யாழைச் செய்து மீட்டி வருகின்றனர். யாழைத் தேடிப் புறப்படும் எவரும் அடிகளின் நூலைக் கடந்து செல்ல இயலாது.

தமிழ் பயிலும் நமக்கும் விஞ்ஞானம் பயிலும் நம் தோழர்க்கும் இடையே ஒரு முற்றமே உளது. ஆயினும் அதனைக் கடந்து ஒருவர் வகுப்பறையை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. விபுலாநந்தர் அம்முற்றத்தை நாள்தோறும் கடந்தவர். சொல்லைக் கண்டால் அதன் பொருளை அளவுகோலிட்டு அளந்தார். அளவைக் கண்டால் அதன் இனிமையைச் செவியாற் சோதித்தார். விரிசல் கண்ட எம் வில்யாழ் இன்றும் ஒண்டிக்கடைத் தச்சர் பட்டறையின் சுவரில் தொங்குகின்றது. அடுத்த விடுமுறையில், யாழ்நூலைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் அளவைக் குறித்துப் பின்னர்க் கொம்பைத் தேர்வதென்று யானும் என் தோழனும் உறுதி பூண்டுள்ளோம். பௌதிகம் பயிலும் அன்பர் ஒருவர் எம்மோடு சேர்வராயின் பெரிதும் மகிழ்வோம்.